ஒரு அடி கூட நகராத வீடு: திருத்தணி மாநிலம் மாறிய கதை

ரெண்டு வாரம் எபிசோட் வரலையேன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வேலையும் போகல. வீடு மாத்தறோம், அவ்வளவுதான்.

பேச்சிலர் ரூம் மாத்தற மாதிரி ஒரு பை, ஒரு லேப்டாப், ஒரு மெத்தைன்னு முடியற விஷயம் இல்ல இது. திருத்தணியில இருக்கிற எங்க குடும்ப வீட்டைக் காலி பண்ணிட்டு அப்பா, அம்மா, அவ்வா மூணு பேரையும் ஆவடியில நான் வாங்கியிருக்கிற ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அவ்வான்னா அப்பாவோட அம்மா. எங்க ஊர்ப் பக்கம் பாதி வீட்டுல ஆயா, பாதி வீட்டுல அவ்வா. ஏன் அப்படிங்கறதுதான் இன்னைக்கு எபிசோடே.

நான் சாஃப்ட்வேர் ஆளு. வீடு மாத்தணும்னதும் முதல்ல பண்ணது ஒரு எக்செல் ஷீட். மொத்தம் 183 வரிசை. பொருள் என்ன, எந்த ரூம்ல இருக்கு, எடுத்துட்டுப் போறதா, விக்கிறதா, யாருக்காவது கொடுக்கிறதா, எந்த அட்டைப்பெட்டி. இன்னொரு ஷீட்ல முகவரி மாத்த வேண்டிய லிஸ்ட்: ஆதார், கேஸ், பேங்க், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அப்பாவோட பென்ஷன். மூணாவது ஷீட்ல தேதிகள். ஆடி மாசம் கூடாது, ஆவணியில நாள் பார்த்துப் பால் காய்ச்சணும், அதுக்கு முன்னாடி ஆடிக் கிருத்திகைக்கு ஊர்ல இருந்தே ஆகணும். எல்லாத்துக்கும் கலர் போட்டு வச்சிருந்தேன். ரொம்பப் பெருமையா இருந்தது.

97-வது வரிசை: "அவ்வா ட்ரங்குப் பெட்டி. துரு. போட்டுடலாம்?"

அதைப் போடறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பார்த்தோம். அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்.

மூணு காகிதம்

பெட்டிக்குள்ள ஒரு பட்டுப்புடவை, ரெண்டு வெள்ளி டம்ளர், நாஃப்தலின் உருண்டை, அடியில ஒரு துணிப்பையில காகிதங்கள். மூணு காகிதத்தை மட்டும் சொல்றேன்.

முதல் காகிதம், இந்த வீட்டோட கிரயப் பத்திரம். 1957. அவ்வாவோட அப்பா வாங்கினது. முழுக்கத் தெலுங்கு. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவ்வா படிச்சுக் காட்டினாங்க: சித்தூர் ஜில்லா, ஆந்திரப் பிரதேசம்.

ரெண்டாவது, வீட்டு வரி ரசீது. 1963. செங்கல்பட்டு ஜில்லா, மெட்ராஸ் ஸ்டேட்.

மூணாவது, அப்பா பேர்ல வந்த ஒரு ஆபீஸ் கடிதம். 1998. திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு.

மூணுமே ஒரே வீடு. ஒரே தெரு, ஒரே திண்ணை. நடுவுல ஓடு போய் கான்கிரீட் வந்திருக்கு, அவ்வளவுதான். ஆனா நாற்பது வருஷத்துல ரெண்டு மாநிலம், மூணு மாவட்டம்.

"அவ்வா, நீங்க எத்தனை தடவை வீடு மாறியிருக்கீங்க?"ன்னு கேட்டேன். அவங்க ஒரே பொண்ணு. தாத்தா அரக்கோணத்துக்காரர், சொந்தம்தான், ஆனா அவங்க வீட்டுல தமிழ் பேசுவாங்க. கல்யாணம் ஆகி வீட்டோட மாப்பிள்ளையா இங்க வந்துட்டார். அதனால அவ்வா பதினொரு வயசுல இந்த வீட்டுக்குள்ள வந்தவங்க, அப்புறம் வெளிய போகவே இல்ல.

அவங்க சொன்னாங்க: "நான் எங்க நைனா போனேன்? இங்கயேதான் இருந்தேன். ஆனா ரெண்டு தடவை என்னை மாத்தி விட்டாங்க. எவரைனா அடிகாரா? யாராச்சும் 'வர்றியா'ன்னு கேட்டாங்களா? இப்ப நீ மூணாவது தடவை."

நான் லேப்டாப்பை மூடிட்டேன். அந்த ரெண்டு தடவையும் என்ன நடந்ததுன்னு எனக்கு ஒழுங்காத் தெரியாது. வடக்கெல்லைப் போராட்டம், ம.பொ.சி., திருத்தணி மீட்புன்னு பள்ளிக்கூடத்துல ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சதோட சரி. ரெண்டு வாரமா பெட்டி கட்டற நேரம் போக மிச்ச நேரத்துல இதைத்தான் படிச்சேன்.

ஊர் எங்க இருந்தது?

முருகனோட ஆறு இடத்தையும் நாம 'படைவீடு'ன்னு சொல்றோம். கோயில்னு சொல்றதை விட வீடுன்னுதான் சொல்றோம். திருத்தணி அஞ்சாவது வீடு. சூரனோட சண்டை எல்லாம் முடிஞ்சு, கோபம் தணிஞ்சு முருகன் வந்து உட்கார்ந்த இடம்ங்கறது ஊர்ப் பேருக்குச் சொல்ற கதை. வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை படி, 365. அந்தப் படி மேல நின்னு வடக்கே பார்த்தா தெரியற மலைகள் பலதும் ஆந்திரா.

வெள்ளைக்காரன் காலத்துல இந்த எல்லை கிடையாது. எல்லாமே சென்னை மாகாணம். திருத்தணி, கார்வெட்டிநகரம் ஜமீன்ல இருந்த ஊர், வடஆற்காடு மாவட்டம். 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில பிறந்தப்போ அது வடஆற்காடுதான். அவர் பேருக்கு முன்னாடி இருக்கிற சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர். அவர் முன்னோர்களும் எப்பவோ ஒரு காலத்துல வீடு மாத்திட்டு வந்தவங்கதான். வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ், ஒரே மாகாணம். யாருக்கும் அது பிரச்சினையா இருக்கல.

1911 ஏப்ரல் 1-ஆம் தேதி வடஆற்காட்டுல இருந்து சில தாலுகாக்களையும் ஜமீன் பகுதிகளையும், கடப்பை மாவட்டத்துல இருந்து சிலதையும் எடுத்துச் சேர்த்து, சித்தூர்னு ஒரு புது மாவட்டம் உருவாக்கினாங்க. கார்வெட்டிநகரத்தோட சேர்ந்து திருத்தணியும் அதுக்குள்ள போச்சு. இது நிர்வாக வசதிக்காகப் பண்ண ஏற்பாடு. கலெக்டர் ஆபீஸ் எங்க இருக்கு, எந்தத் தாலுகாவை யார் பார்த்துக்கிறதுன்னு ஒரு அட்டவணை. மொழியை யோசிச்சுப் போட்ட கோடு இல்ல. ஆனா நாற்பத்திரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கோடுதான் ஒரு ஊரோட தலையெழுத்தை மாத்தினது. நாம கோட் எழுதும்போது "இது தற்காலிகம்தானே"ன்னு ஒண்ணு போட்டு வைப்போம்ல, அஞ்சு வருஷம் கழிச்சு மொத்த சிஸ்டமும் அது மேல நிக்கும். அந்த மாதிரி.

பீரோவைத் திறக்காம தூக்கினது

தெலுங்கு பேசறவங்களுக்குத் தனி மாநிலம் வேணும்கிற கோரிக்கை ரொம்பப் பழசு. 1952 அக்டோபர் 19-ல பொட்டி ஸ்ரீராமுலு சென்னை மயிலாப்பூர்ல ஒரு வீட்டுல உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 ராத்திரி இறந்து போனார். தெலுங்கு மாவட்டங்கள்ல கலவரம் வெடிச்சது. நாலு நாள்ல, டிசம்பர் 19-ல, ஆந்திர மாநிலம் அமையும்னு நேரு அறிவிச்சார்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பல வருஷமா ஒத்திப் போட்ட ஒரு விஷயம். ஒரு மரணத்துக்கு அப்புறம் நாலு நாள்ல முடிவு. வீட்டு ஓனர் திடீர்னு "அடுத்த மாசம் காலி பண்ணு"ன்னு சொன்னா என்ன பண்ணுவோம்? உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாப் பிரிச்சுப் பார்க்க நேரம் இருக்காது. பீரோவைத் திறக்காம அப்படியே தூக்கி லாரியில ஏத்துவோம். 1953-ல நடந்தது அதுதான். பெரும்பாலும் மாவட்டம் மாவட்டமா எடுத்தாங்க. ஸ்ரீகாகுளத்துல இருந்து சித்தூர் வரைக்கும் பதினொரு மாவட்டம் முழுசா, கூடவே பெல்லாரியில மூணு தாலுகா. அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் பீரோவுக்குள்ள திருத்தணியும் இருந்தது.

அந்தச் சமயத்துல எல்லாரோட கவனமும் சென்னை நகரம் மேலதான். "மதராஸ் மனதே"ன்னு அந்தப் பக்கம் ஒரு கோஷம், இந்தப் பக்கம் விட்டுக்கொடுக்க மாட்டோம்னு ஒரு கோஷம். 1953 மார்ச்ல நேரு நாடாளுமன்றத்துல சென்னை தமிழர் பக்கமே இருக்கும்னு தெளிவாக்கினார். சென்னை தப்பிச்சது. வடக்கெல்லை நிக்கல.

தமிழரசுக் கழகத்தோட ம.பொ.சிவஞானம் வடக்கெல்லைக்காக இறங்கினார். தொல்காப்பியப் பாயிரமே தமிழ்நாட்டோட வட எல்லையா வேங்கடத்தைச் சொல்லுதுங்கறது அவங்க வாதத்தோட வேர். திருப்பதி வரைக்கும் கேட்டாங்க. இந்தப் பகுதியில அந்த வேலையை அதுக்கு முன்னாடியே தொடங்கி வச்சவர் மங்கலங்கிழார்ங்கிற தமிழாசிரியர். இந்தப் பக்கத்து ஊர்கள்ல தமிழ் சொல்லிக் கொடுத்து வளர்த்தவர். ஆந்திர மாநிலம் பிறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1953 ஆகஸ்ட் கடைசியில இறந்துட்டார். திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகம் போராட்டத்தோட உள்ளூர் முகம். பின்னாள்ல சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். மறியல், கைது, சிறைன்னு 1953 முழுக்க இந்த ஊர் கொதிச்சுக் கிடந்தது.

அப்போ அவ்வாவுக்கு ஏழு வயசு.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. திருத்தணியில ரயில் ஏறினா சென்னை எண்பது சொச்சம் கிலோமீட்டர். 1953 செப்டம்பர் 30 வரைக்கும் தலைநகர் அதுதான். மறுநாள் காலையில தலைநகர் கர்நூல். அடுத்த வருஷம் உயர்நீதிமன்றம் குண்டூர்ல திறந்தாங்க. ரெண்டுமே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. 1956 நவம்பர் 1-ல ஹைதராபாத்தோட சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனதும் தலைநகர் இன்னும் தூரம் போச்சு. காய்கறி மூட்டை எப்பவும் போல சென்னைக்குத்தான் போகும், அரசாங்க மனு மட்டும் ஹைதராபாத் போகும். எங்க கொள்ளுத்தாத்தா வீடு வாங்கின 1957 இந்தக் காலம்தான். அதனாலதான் பத்திரம் தெலுங்கு.

பெட்டி பெட்டியாப் பிரிச்சது

அவசரமா மாத்தின வீட்டுல மறுநாள் என்ன நடக்கும்? "என்னோட குக்கர் உங்க பெட்டியில வந்துடுச்சு, உங்க சாவி எங்க பெட்டியில இருக்கு"ன்னு போன் வரும். ரெண்டு மாநிலமும் அப்படித்தான் பேச ஆரம்பிச்சாங்க. இங்க காமராஜர் அரசு, அங்க ஆந்திர அரசு. தாங்களாப் பேசி முடியல. நடுவுல ஒருத்தர் வேணும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு வந்தவர் ஹரி விநாயக் படாஸ்கர்.

இந்த ஆளைப் பத்திப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. மகாராஷ்டிராக்காரர், வழக்கறிஞர். தமிழும் இல்ல, தெலுங்கும் இல்ல. மத்திய அரசுல சட்ட விவகார அமைச்சரா இருந்தப்போ 1956-ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்துல நடத்திக் கொடுத்தவர். குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கிறது எப்படின்னு சட்டம் கொண்டு வந்த மனுஷன், அடுத்து ரெண்டு மாநிலத்துக்குப் பாகம் பிரிக்க வந்தார்.

அவர் முறை எளிமையானது. மாவட்டத்தைப் பார்க்காத, தாலுகாவைப் பார்க்காத, கிராமத்தைப் பார். அந்தக் கிராமத்துல பெரும்பான்மை எந்த மொழி? 1951 மக்கள்தொகைக் கணக்கை எடு. அந்தக் கிராமம் அந்த மாநிலத்தோட தொடர்ச்சியா ஒட்டி இருக்கா? இருந்தா மாத்து. 1953-ல திறக்காம தூக்கின பீரோவை, இப்பத் திறந்து ஒவ்வொரு தட்டாப் பிரிச்சாங்க. இந்த முறைக்குப் படாஸ்கர் ஃபார்முலான்னே பேர் வந்துடுச்சு. பெலகாவி விஷயத்துல மகாராஷ்டிரா பிற்காலத்துல இதைத்தான் கேட்டது.

முடிவு என்னன்னா, திருத்தணி தாலுகாவோட பெரும்பகுதி, கூடவே புத்தூர், சித்தூர் தாலுகாக்கள்ல சில கிராமங்கள் மெட்ராஸுக்கு. பதிலுக்கு செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்கள்லயும் சேலம் மாவட்டத்துக் கிருஷ்ணகிரி தாலுகாவுலயும் தெலுங்கு பேசற கிராமங்கள் ஆந்திராவுக்கு. இன்னைக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இருக்கே, அந்தச் சத்தியவேடு பக்கம் அப்படிப் போனதுதான். திருப்பதி, புத்தூர், நகரி எல்லாம் அங்கயே நின்னது. கேட்ட எல்லாம் யாருக்கும் கிடைக்கல.

இதைச் சட்டமாக்கினது 1959-ல, அந்த வருஷத்தோட 56-வது சட்டம். ஆந்திரப் பிரதேசம், மெட்ராஸ் எல்லை மாற்றச் சட்டம். மாநிலங்களவையில அது நிறைவேறின காலத்துல அவைத் தலைவர் யார் தெரியுமா? குடியரசுத் துணைத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த ஊரைத்தான் ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாத்தற சட்டம்.

அந்தச் சட்டத்தைப் படிச்சா, சத்தியமா சொல்றேன், என்னோட எக்செல் ஷீட் மாதிரியே இருக்கு. எந்தெந்த ஊர் போகுதுன்னு பட்டியல். இங்க ஜெயிச்ச எம்.எல்.ஏ. இனி எந்தச் சபையில உட்காருவார்? பாதியில நிக்கிற வழக்கு எந்த உயர்நீதிமன்றத்துக்கு? வரி பாக்கியை யார் வசூலிக்கிறது? கடன் யாருக்கு, சொத்து யாருக்கு? ஓய்வூதியம் யார் கொடுப்பாங்க? பழைய மாநிலத்துச் சட்டம் எதுவரைக்கும் செல்லும்? ஒண்ணு விடாம யோசிச்சிருக்காங்க. தேதி 1960 ஏப்ரல் 1. புது நிதியாண்டு தொடங்கற நாள், கணக்கைப் பிரிக்கச் சுலபம். சித்தூர் மாவட்டம் பிறந்ததும் ஏப்ரல் 1, திருத்தணி அதை விட்டு வெளிய வந்ததும் ஏப்ரல் 1.

அப்போ அவ்வாவுக்குப் பதினாலு வயசு.

பட்டியல்ல இல்லாதது

அந்த நாள் ஞாபகம் இருக்கான்னு அவ்வாகிட்ட கேட்டேன். மேளதாளம், கொடி, இனிப்பு எல்லாம் இருந்ததாம். ஊரே சந்தோஷமா இருந்ததாம். "எங்க அப்பாவும் சந்தோஷமாத்தான் இருந்தார். மெட்ராஸ்தானே நமக்குச் சந்தை"ன்னாங்க.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னாங்க: "ஜூன்ல ஸ்கூல் திறந்தாங்க. நான் அதுவரைக்கும் தெலுங்குல படிச்சவ. தமிழ் பேசுவேன், எழுத வராது. எட்டாவதுல போய் 'அ'னா, 'ஆ'வன்னாவா எழுதறதுன்னு வெட்கம். நின்னுட்டேன். யாரும் நிறுத்தல, நானாத்தான் நின்னேன்."

நான் இதைப் பெரிய சோகக் கதையாச் சொல்ல விரும்பல. தெலுங்குல தொடர்ந்து படிக்கப் பக்கத்துலயே வேற வழி இருந்திருக்கலாம், அந்தக் காலத்துல எட்டாவதோட நின்ன பெண் பிள்ளைங்க ஊர் முழுக்க இருந்திருப்பாங்க. ஆனா அவங்க பெரியம்மா பொண்ணு நகரியில. அதுவரைக்கும் ஒரே ஜில்லா. அப்புறம் வேற மாநிலம். பஸ்ல போற தூரம்தான், போக வரத் தடை எதுவும் கிடையாது. ஆனா அவங்க தெலுங்குல மேல படிச்சு டீச்சர் ஆனாங்க. ரெண்டு பேரும் ஒரே வயசு. அவ்வா இன்னைக்கும் மளிகைக் கணக்கைத் தெலுங்குலதான் எழுதறாங்க, வீட்டுல வேற யாராலயும் அதைப் படிக்க முடியாது.

படாஸ்கர் முறை தப்புன்னு நான் சொல்ல வரல. பெரும்பான்மை மக்கள் விருப்பத்துக்கு அதுதான் நெருக்கமா வந்தது, ஒரு நடுவரை வச்சு ரெண்டு மாநிலம் ஊர்களை மாத்திக்கிட்டாங்க. உலகத்துல எல்லைப் பிரச்சினைங்க எப்படி முடியுதுன்னு பார்த்தா இது சாதாரண விஷயமே இல்ல. ஆனா கிராமம்தான் கடைசி அலகு. கிராமத்துக்குள்ள ஒரு வீடு, வீட்டுக்குள்ள ஒரு பொண்ணு, அந்த அளவுக்கு எந்தப் பட்டியலும் இறங்காது. எல்லையோட அந்தப் பக்கமும் இதே கதை இருக்கு. சத்தியவேடு, நகரி, புத்தூர்ல தமிழ் பேசற வீடுகள், எழுதப் படிக்கத் தெலுங்கு.

'யாரும் கேட்கல'ன்னு அவ்வா சொன்னது முழுசா உண்மையும் இல்ல. யாரும் வாக்கெடுப்பு நடத்திக் கேட்கல, அது சரி. ஆனா நூத்துக்கணக்கான பேர் தாங்களாவே போய்ச் சொன்னாங்க. மறியல் பண்ணாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. அவங்க இல்லன்னா திருத்தணி இன்னைக்கு சித்தூர் மாவட்டம். சத்தம் போட்டவங்க குரல் கேட்டது. வீட்டுக்குள்ள இருந்தவங்க சத்தம் போடல, அதனால கேட்கல.

ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு சொல்றேன். 2015 ஜூலை 31 நள்ளிரவு, இந்தியாவும் வங்கதேசமும் 162 திட்டு நிலங்களை மாத்திக்கிட்டாங்க. ஒரு நாட்டுக்குள்ள தீவு மாதிரி மாட்டிக்கிட்டிருந்த இன்னொரு நாட்டு ஊர்கள். 1974-ல போட்ட ஒப்பந்தம், நடக்க நாற்பத்தோரு வருஷம் ஆச்சு. அங்க ஒரு வித்தியாசம்: மாத்தறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போய் "நீங்க எந்த நாட்டுக் குடிமகனா இருக்கணும்?"னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஐம்பதாயிரம் பேர்ல இடம் பெயர்ந்து இந்தியா வந்தவங்க ஆயிரத்துக்கும் கம்மி. மத்தவங்க எல்லாம் இருந்த வீட்டுலயே இருந்து நாட்டை மாத்திக்கிட்டாங்க. நாடு எதுவா இருந்தாலும் பரவால்ல, அடுப்பும் கிணறும் போதும்னு முடிவு பண்ணவங்கதான் அதிகம்.

97-வது வரிசை

இதெல்லாம் படிச்சு முடிச்சிட்டு என் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். 183 வரிசை. அம்மியை விட்டுட்டு மிக்ஸி எடுத்துக்கிறதுன்னு இருக்கு. கிரைண்டருக்கு ஒரு பெட்டி, சாமி படத்துக்கு ஒரு பெட்டி. அவ்வாவுக்கு மேற்கு ரூம், பாத்ரூம்ல பிடிச்சு நிக்கக் கம்பி. நல்லாத்தான் யோசிச்சிருக்கேன். "அவ்வாகிட்ட கேட்டாச்சா?"ன்னு ஒரு வரிசை மட்டும் இல்ல. அப்பாகிட்டயும் நான் கேட்கல. "ஃபிளாட் வாங்கிட்டேன்ப்பா, வந்துடுங்க"ன்னுதான் சொன்னேன். அவரும் சரின்னுட்டார். அவர் எல்லாத்துக்குமே சரின்னுதான் சொல்வார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் திண்ணையில உட்கார வச்சுக் கேட்டேன். அப்பாவுக்கு முட்டி வலி, ஹாஸ்பிட்டல் பக்கத்துல இருந்தா நல்லதுன்னார். அம்மா, "எனக்குப் போகணும்டா, இந்த ஊர்ல முப்பது வருஷமாத் தண்ணி பிடிச்சுப் பிடிச்சுக் கை போச்சு"ன்னாங்க. இதை அம்மா இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொன்னதே இல்ல. அவங்களையும் யாரும் கேட்டதில்ல போல.

அவ்வா மூணு விஷயம் சொன்னாங்க. வர்றேன், ஆனா மூணு மாசம் பார்ப்பேன். அதுவரைக்கும் வீட்டை விக்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது, சாவி என்கிட்டதான் இருக்கும். கிருத்திகைக்குக் கிருத்திகை திருத்தணிக்குக் கூட்டிட்டு வரணும், ஆவடியில இருந்து நேரா ரயில் இருக்குல்ல. மூணாவதா, ஆவடியில தெலுங்குப் பேப்பர் கிடைக்குமா?

மூணு மாசம் வாடகை வராம இருந்தா எனக்கு ஹோம் லோன் கட்டறது கஷ்டம்தான். அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. மூணு மாசம் கழிச்சு அவங்க "முடியாது, என்னை வீட்டுல கொண்டு விடு"ன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கு இப்போ தெரியல. ஆனா கேட்டதுக்கு அப்புறம் பதில் பிடிக்கலன்னு கேட்காத மாதிரி இருக்க முடியாதுல்ல.

97-வது வரிசையை மாத்திட்டேன்: "அவ்வா ட்ரங்குப் பெட்டி. லாரியில ஏத்தக் கூடாது. கையோட." அந்தப் பையில இருக்கிற தெலுங்குக் காகிதங்களை அவங்களையே படிக்கச் சொல்லி ரெக்கார்டும் பண்ணிட்டு வர்றேன்.

உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க வீட்டுப் பழைய பத்திரம், வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ், எதுவா இருந்தாலும் எடுத்துப் பாருங்க. அதுல என்ன மாவட்டம், என்ன மாநிலம், என்ன மொழி போட்டிருக்குன்னு பாருங்க. ஓசூர், கன்னியாகுமரி, செங்கோட்டைக்காரங்களுக்குக் கண்டிப்பா ஒரு கதை இருக்கும். பார்த்துட்டு, அந்தக் காகிதம் எழுதின காலத்துல வாழ்ந்தவங்க யாராவது வீட்டுல இருந்தா அவங்ககிட்டயே கேளுங்க. கேட்டதை எனக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, அனுமதி வாங்கிட்டு அனுப்புங்க.

அடுத்த எபிசோட் ஆவடியில இருந்து. பின்னாடி குக்கர் சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க.